நாலு பிஸ்டன், நாலு ராடு

இன்ஜின் கட்டும் வேலையில் ஒன்றே ஒன்றை நீ வைத்துக்கொள், மீதியை வேறு ஆளிடம் கொடுத்துவிடு என்றால் நான் ஒரு நொடி கூட யோசிக்க மாட்டேன். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு ஒரு பின் மாட்டிச் சேர்க்கிற வேலை எனக்கு. ஹெட் இறுக்குவது, டைமிங் செயின் மாட்டுவது, வால்வ் கிளியரன்ஸ் பார்ப்பது எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் ட்யூனிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுகிறார்கள். முதல் தடவை ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை வீடியோ எடுக்காத ஆள் கிடையாது. இந்தப் பின் மாட்டுகிற வேலையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. இவ்வளவு சுகமான ஒரு வேலையை எல்லோரும் ஏன் சத்தம் காட்டாமல் அனுபவித்துவிட்டுப் போகிறார்களோ தெரியவில்லை. நான் சத்தம் போடப் போகிறேன்.

என்னுடையது எம்ஜிஏ 1500. 1955 செப்டம்பரில் பிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் முகம் காட்டி, 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். எல்லா எம்ஜிஏக்களையும் சேர்த்தால் 1,01,081 வண்டிகள். அதில் உள்நாட்டில் விற்றவை வெறும் 5,869. மீதியெல்லாம் வெளிநாட்டுக்குப் போனது, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. அதனால்தான் டெக்ஸாஸில் ஏதாவது ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாயைத் தூக்கினால் இன்றைக்கும் ஒரு எம்ஜிஏ எட்டிப் பார்க்கிறது. எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். சக்கரம் சுற்றவில்லை, இன்ஜின் சுற்றவில்லை, விலை மட்டும் சுற்றிச் சுற்றி இறங்கியது.

நான் இருப்பது பிளானோ. டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017இல் கலிபோர்னியாவை விட்டு வந்து உட்கார்ந்த ஊர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நிற்பது சத்தமே வராத ஹைப்ரிட் வண்டி. ஓடாத காரை வாசலில் நிறுத்தினால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும். ஆனால் பிளானோவின் பழைய தெருக்களுக்கு ஒரு புண்ணியம் உண்டு: கராஜ் கதவு முன்பக்கம் இருக்காது, வீட்டுக்குப் பின்னால் போகிற சந்தைப் பார்த்து இருக்கும். அந்தச் சந்தில் என்ன நடக்கிறது என்று தபால்காரருக்குக் கூடத் தெரியாது. பழைய கார் பிரியர்கள் வீடு வாங்குவதாக இருந்தால் பள்ளிக்கூடத்தைப் பார்க்கும் முன் சந்தைப் பாருங்கள்.

எம்ஜிஏவின் வளைவுகளுக்காக வாங்கினேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வாங்கியது பானெட்டுக்குக் கீழே இருந்ததற்காக. 1489 சிசி, போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். பிஎம்சி பி-சீரிஸ். நம் ஊரில் அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இந்த எண் நெஞ்சில் எங்காவது இடித்திருக்கும். ஆமாம், அதே இன்ஜின்தான்! பழைய சைடு வால்வ் இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு 1959இல் அம்பாசிடருக்குள் வைத்த ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின். எம்ஜியில் அதற்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போட்டு 72 குதிரைத்திறன் வரை எடுத்தார்கள். அம்பாசிடரில் அதுவே சாதுவாகக் கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு பாபநாசம் மலைப் பாதையில் ஏறியது. உத்தர்பாராவில் 2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பு நின்றபோது நான் பிளானோவில் உட்கார்ந்து வருத்தப்பட்டேன். அதன் பெரியப்பா மகன் இங்கேயே ஒரு கொட்டகையில் தூங்கிக்கொண்டிருப்பான் என்று அப்போது தெரியாது.

இன்னும் பின்னால் போனால் கதை சென்னைக்கே வருகிறது. பி-சீரிஸின் மூலம் ஆஸ்டின் ஏ40 காரின் 1200 சிசி இன்ஜின். அந்த ஏ40 காரைத்தான் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டி விற்றது. பிற்பாடு அதுவே அசோக் லேலண்ட் ஆகி லாரிப் பக்கம் போய்விட்டது. அடுத்த வருஷமே, 1949இல், சிம்ப்சன் அனந்தராமகிருஷ்ணன் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். அவர் ஆழ்வார்குறிச்சிக்காரர். எனக்கு அம்பாசமுத்திரம், பக்கத்து ஊர். பிஸ்டன் மேல் எனக்கு இருக்கும் கிறுக்குக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பிஸ்டனையும் ராடையும் சேர்ப்பது ஒரு சின்ன உருக்குக் குழாய். கஜன் பின். நீளம் சுண்டு விரல் அளவு, குறுக்களவு 18 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் நிமிஷத்துக்கு 5,500 சுற்றில் இந்த இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 91 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உச்சியில் ஒரு முறை, அடியில் ஒரு முறை நின்று திரும்ப வேண்டும். உச்சியில் திரும்புகிற அந்தக் கணத்தின் முடுக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1,900 மடங்கு வருகிறது. பிஸ்டன் எடை 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் அது அரை டன்னுக்கு மேல் இழுக்கிறது. அத்தனை இழுவையையும் வாங்குவது இந்தச் சுண்டு விரல் பின். அதைக் கையில் உருட்டிப் பார்க்கும்போது மரியாதை தானாக வரும்.

பின்னை மாட்டும் விதத்தில் மூன்று ஜாதி உண்டு. இங்கே தெருவுக்கு ஒன்று இருக்கும் பழைய அமெரிக்க வி8 இன்ஜின்களில், ஃபோர்டு 289 போன்றவற்றில், பின் ராடுக்குள் இறுக்கமாகப் பிடித்திருக்கும். ராடின் சின்ன முனையை நன்றாகச் சூடேற்றி, அது விரிந்திருக்கும் ஓரிரு நொடிக்குள் பின்னை ஒரே மூச்சில் செருக வேண்டும். பாதியில் நின்றால் முடிந்தது கதை. அப்புறம் ஹைட்ராலிக் பிரஸ், அநேகமாகப் புது பிஸ்டன். அது ஆண்மையான வேலை என்று பேசுவார்கள். எனக்கு அது வயிற்றைக் கலக்கும் வேலை. இரண்டாவது ஜாதி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மாதிரி, பின் இரண்டு பக்கமும் சுதந்திரமாக மிதக்கும். பக்கவாட்டில் நழுவாமல் இரண்டு சர்க்ளிப் காவல் இருக்கும். நல்ல, நாகரிகமான ஏற்பாடு.

மூன்றாவதுதான் என் செல்லம். எம்ஜிஏ 1500இல் ராடின் மேல் முனையில் ஒரு பிளவு, அதைக் குறுக்கே இறுக்கும் ஒரு போல்ட். பின்னின் நடுவில் ஒரு பள்ளம் அரைத்திருப்பார்கள். பின்னைப் பிஸ்டன் வழியாக ராடுக்குள் விட்டு, அந்தப் பள்ளம் போல்ட் துளைக்கு நேராக வரும்வரை மெல்லத் திருப்பி, போல்ட்டைப் போட்டால் பின் ராடோடு பூட்டிக்கொள்ளும். பிஸ்டன் மட்டும் பின்னின் மேல் ஆடும். பள்ளம் நேராக வராவிட்டால் போல்ட் நுழையவே நுழையாது. தப்பாக மாட்ட முடியாதபடி யோசித்த அந்தப் பொறியாளரின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம். சூடேற்றல், பிரஸ், அவசரம் எதுவும் வேண்டாம். இரண்டு கை, கொஞ்சம் எண்ணெய், நல்ல வெளிச்சம்.

எனக்குக் குரு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். அம்பாசிடர் இன்ஜின் இறக்கி ஏற்றியே தலை நரைத்த மெக்கானிக் அண்ணாச்சி. நமக்குச் சனிக்கிழமை காலை என்றால் அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம். வாட்ஸ்அப்பில் போனை பிஸ்டன் பக்கம் காட்டினால் போதும், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். எனக்கு அவர் சொன்ன முதல் பாடம்: "தம்பி, பின்னு தன் பாட்டுல போவணும். நீ பலமாத் தள்ளுதேன்னு வச்சுக்கோ, அது பொருந்தலைன்னு அர்த்தம், கேட்டியா. சுத்தியல எடுத்த, அம்புட்டுதான்."

தன் பாட்டில் போக வேண்டும் என்றால் எவ்வளவு தன் பாட்டில்? இங்கேதான் பிளானோ வெயில் விளையாடியது. இந்த இன்ஜினில் பின்னுக்கும் பிஸ்டன் துளைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு சில மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் பக்கம் இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் அலுமினியம், பின் உருக்கு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 20 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்த அளவுத் துளைக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் 3, 4 மைக்ரான் கூடிவிடும். அதாவது மொத்த இடைவெளியே அவ்வளவுதான், அதை வெயில் ஒன்றே தந்துவிடுகிறது! ஜூலையில் என் கராஜுக்குள் 40 டிகிரி. அங்கே வைத்து முதல் பின்னை விட்டேன். நல்லெண்ணெய் ஜாடியில் விட்ட கரண்டி மாதிரி தன் எடையிலேயே மெதுவாக இறங்கிவிட்டது. அடடா என்று இருந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. இந்த அளவுகளெல்லாம் சுமார் 20 டிகிரி அறையில் பார்க்க வேண்டியவை.

உடனே நாலு பிஸ்டன், நாலு பின், நாலு ராடு எல்லாவற்றையும் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து அடுக்கினேன். ஏசியை 68 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கினேன். வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க பிஸ்டனுக்குக் குளிர் காத்து, எங்களுக்கு கரன்ட் பில்லா?" என்றாள். நியாயமான கேள்விதான். சில மணி நேரம் உலோகம் குளிரட்டும் என்று விட்டு மறுபடி பின்னை விட்டேன். இப்போது தானாக இறங்கவில்லை. கட்டை விரலால் அழுத்தியதும், ஒரே சீராக, எங்கேயும் தயங்காமல், எங்கேயும் பாயாமல் உள்ளே போனது. அந்த விரலில் தெரிந்த எதிர்ப்பு இருக்கிறதே! எத்தனை அளவுக் கருவி வாங்கினாலும் அந்தச் செய்தியை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அண்ணாச்சியிடம் காட்டினேன். "ஆங், அதான்!" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

புது பிஸ்டன்கள் மாஸ் மோட்டார்ஸிலிருந்து வந்தவை. கலிபோர்னியாவில் 1948 முதல் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கம்பெனி. போர் தேய்ந்திருந்ததால் கார்லண்டில் ஒரு மெஷின் ஷாப்பில் பிளாக்கைக் கொடுத்து 30 ஓவர்சைஸ் போட்டாயிற்று. அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு. கணக்குப்படி இன்ஜின் 1489இலிருந்து 1520 சிசி ஆகிவிட்டது. இலவசமாக 31 சிசி கிடைத்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன்.

பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால் உருண்டையாகத்தான் தெரியும். மைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும் ரகசியம்: அது உருண்டையே இல்லை. பின் போகிற திசையில் குறுக்களவு கொஞ்சம் குறைவு, ஏனென்றால் பின்னைத் தாங்கும் இடத்தில் உலோகம் அதிகம், சூட்டில் அங்கே அதிகம் விரியும். தலைப்பக்கமும் பாவாடைப் பக்கத்தைவிடச் சிறுத்திருக்கும், நெருப்பு படுவது தலையில் என்பதால். குளிர்ந்திருக்கும்போது கோணலாகச் செய்து, சூடானபின் நேராகும்படி செய்திருக்கிறார்கள். இதை என் மகளிடம் சொன்னபோது மைக்ரோமீட்டரைப் பிடுங்கி அவளே நாலையும் அளந்து ஒரு காகிதத்தில் எழுதிவிட்டாள். பிறகு மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எடை பார்ப்பதற்கு முழுதாக ஒரு சாயங்காலம் போனது, போகட்டும். நாலு பிஸ்டனும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ராடு இன்னும் சுவாரசியம்: மொத்த எடை ஒன்றாக இருந்தால் போதாது, பெரிய முனை தனியாக, சின்ன முனை தனியாக ஒத்துப் போக வேண்டும். பெரிய முனை கிராங்கோடு சுற்றுகிறது, சின்ன முனை பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது; இரண்டின் தொந்தரவும் வேறு வேறு. ஒரு முனையைக் கயிற்றில் தொங்கவிட்டு மறுமுனையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கனமான ராடில் அதற்கென்றே விட்டிருக்கும் திமிலில் துளித்துளியாக உரசி, எடுத்து, மறுபடி தராசில் வைத்து... அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு காலத்தில் பிஸ்டனைப் பக்கத்து நகைக்கடைக்கு எடுத்துப் போய் எடை போடுவார்களாம். பவுன் வாங்க வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

திசை விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பிஸ்டன் தலையில் முன்பக்கம் எது என்று அடையாளம் குத்தியிருக்கும். ராடின் பெரிய முனையோ நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். 1, 3 சிலிண்டர்களுக்கு ஒரு பக்கம், 2, 4க்கு எதிர்ப்பக்கம். ஆகவே பிஸ்டனையும் ராடையும் சேர்க்கும் போதே அது எந்த வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை என்று தீர்மானித்துவிட வேண்டும். கழற்றும்போது எடுத்த போட்டோக்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் சேர்த்தோம். இந்த ராடின் கீழ் முனை மூடியைக் குறுக்கே வெட்டாமல் சாய்வாக வெட்டியிருப்பார்கள். நேராக வெட்டியிருந்தால் அகலம் கூடி 73 மில்லிமீட்டர் போர் வழியாக ராடு ஏறாது. சாய்த்து வெட்டியதால் மேலிருந்தே இறக்கலாம், மேலிருந்தே எடுக்கலாம். இதைச் செய்தவர்கள் பட்டறைக்காரனை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் ஒரு பல்பு மாற்றவே பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

போல்ட்டை இறுக்கும்போது ராடை வைஸில் பிடிக்கக் கூடாது. ராடு முறுகிவிட்டால் பிஸ்டன் ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே தேயும். பின்னின் இரண்டு முனையிலும் இரண்டு உருளைத் துண்டுகளைச் செருகி, அவற்றின் வழியாகப் பின்னை மட்டும் வைஸில் பிடித்து, டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் இரண்டை நான் செய்தேன். மூன்றாவது பின்னை மகள் தள்ளினாள். பள்ளம் நேராக வந்து போல்ட் விரலாலேயே சுழன்று உள்ளே போனபோது, "அப்பா, இது க்ளிக் கூட ஆகல, ஆனா கரெக்டா இருக்குன்னு தெரியுது!" என்றாள். நான் ஒரு கட்டுரை முழுக்கச் சொல்ல முயல்வதை ஒரே வரியில் முடித்துவிட்டாள். நாலாவதையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்ததும் ராடை நிமிர்த்திப் பிடித்துப் பிஸ்டனை லேசாகத் தட்டிப் பாருங்கள். அது பின்னின் மேல் சரிந்து, எங்கும் சிக்காமல், எங்கும் லொடலொடக்காமல் அந்தப் பக்கம் போய் நிற்கும். அப்படியே இந்தப் பக்கம். நான் இதை எத்தனை தடவை செய்தேன் என்று கேட்காதீர்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன் கூட ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். பெட்டியில் வந்தபோது அவை வெறும் பாகங்கள். இப்போது பார்த்தால் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் சுலபம். ரிங்குகளை முதலில் போரில் வைத்து ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பார்த்தேன். போர் ஒரு அங்குலத்துக்கு ஆயிரத்தில் நாலு பங்கு என்பது பொதுவான கணக்கு. எந்தப் பக்கம் மேலே என்று குறியிட்ட ரிங்குகளை அந்தப்படியே போட்டு, வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் சுற்றித் திருப்பி வைத்தேன். டல்லாஸ் வட்டாரத்தில் டெக்ஸாஸ் எம்ஜி ரெஜிஸ்டர் என்று ஒரு சங்கம் உண்டு. அதைச் சேர்ந்த ஒரு பெரியவர் தன் ரிங் கம்ப்ரசரைக் கொடுத்துவிட்டு, கூடவே நின்று வேடிக்கையும் பார்த்தார். சுத்தியலின் மரப் பிடியால் தட்டத் தட்ட ஒவ்வொரு பிஸ்டனாகப் போருக்குள் இறங்கியது. அண்ணாச்சி தடை போட்டது பின்னுக்குத்தான், பிஸ்டன் தலையில் மரப் பிடி படுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கிராங்கைக் கையால் சுற்றினால் நாலும் ஏறி இறங்கின, அமைதியாக, எண்ணெய்ப் பளபளப்போடு. பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த வேலையைச் சாப்பாட்டு மேஜையில் செய்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

ஊரில் யார் வீட்டுக் கொட்டகையிலாவது பழைய 1489 சிசி அம்பாசிடர் நிற்கிறதா? தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். இன்ஜின் இறக்கத் தெரிந்த ஒரு அண்ணாச்சி எல்லா ஊரிலும் இன்னும் இருக்கிறார், கொஞ்ச காலத்துக்குத்தான் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள், வேலையை அவர் பார்க்கட்டும், ஆனால் அந்த நாலு பின்னை மட்டும் நான் மாட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் உட்காருங்கள். உங்கள் ராடும் போல்ட் போட்டு இறுக்குகிற ஜாதியாக இருந்தால், அந்தப் போல்ட் மட்டும் கட்டாயம் புதிதாக இருக்கட்டும். பழைய போல்ட்டைப் போட்டு மதுரைக்குக் கிளம்பிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்த கதை அண்ணாச்சியிடம் இருக்கிறது, அதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.